முன்பல்லும் தோல் வாடையும்

மாசி 19, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். மேலுதடு வீங்கி மூக்கை முட்டுகிறது. கண்ணாடி பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

லவங்கம் வைத்தாயிற்று. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாயிற்று. வேப்பங்குச்சி பட்டால் உயிர் போகிறது. எல்லாம் அந்த முன்பல்தான். போன சித்திரையில் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் நிறுக்கும்போது தராசுத் தண்டு வந்து இடித்தது. கொஞ்ச நாள் ஆடிற்று, பிறகு நின்றுவிட்டது, கறுத்தது. ஈறில் ஒரு கொப்புளம். தானே உடையும், தானே ஆறும். வலி இல்லையே என்று விட்டுவிட்டேன்.

ஊறல் தொட்டி மேஸ்திரி ஏழுமலை ஆள் கணக்குச் சொல்ல வந்தான். வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டு எட்டி நின்றான். "இன்னா சாமி, மூஞ்சி இப்டி ஊதிக்கிச்சு?" மரியாதை தெரிந்தவன்.

முதலாளி சாயபு லீவு கொடுத்துவிட்டார். "கணக்குப்பிள்ளே, இது கை வைத்தியத்துக்கு அடங்காது. வேலூர்ல பல் டாக்டர் ஒருத்தர் வந்திருக்கார். போய்ட்டு வாங்க, பேஜார் பண்ணிக்காதீங்க." பேச்சின் பாதியில் எழுந்து ஜன்னலண்டை போய் நின்றுகொண்டார். புழுக்கம் அவரையும் விடவில்லை போல.

ஹோட்டலில் கஞ்சி. தனம் இருந்தால் வீட்டிலேயே கிடைத்திருக்கும். அவளுக்குச் சொல்லி அனுப்பலாமா? வேண்டாம். தை மாதம் நானே கொண்டுபோய் குடியாத்தத்தில் அவள் அப்பா வீட்டில் விட்டேன். தெருவே கேட்கச் சொன்னேன்: "உங்க பொண்ணுக்குத் தோல் வாடை ஆவல மாமா. நான் கிட்ட வந்தாலே முந்தானைய மூக்குல வச்சிக்குது. பழகிக்கினா அனுப்புங்க." நானும் அவளைப் போலத் தறிக்காரன் பிள்ளைதானே. படித்துத் தோல்ஷாப்புக்கு வந்தேன், அதில் என்ன கேவலம்? அவளுக்காக இரண்டு வேளைக் குளியல், சீயக்காய், சட்டைக்கு அத்தர். அப்படியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொண்டுபோய் விட்ட அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் தலை குனிந்து நின்றாள். திமிர்.

மாசி 22, திங்கள்

வேலூர். காட்பாடி வரை ரயில், பிறகு ஜட்கா வண்டி. குலுங்கும்போதெல்லாம் பல் மண்டைக்குள் ஏறியது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கல்கத்தாவில் படித்தவராம். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, தன் மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டார்.

"எவ்ளோ நாளா இந்த வாடை?"

"நான் ஆம்பூர்ங்க. தோல்ஷாப்ல கணக்கு எழுதறேன். எவ்ளோ குளிச்சாலும் போவாது."

சிரித்தார். "தோல் வாடை எனக்குத் தெரியும். தினம் யாராவது அங்கேர்ந்து வர்றாங்க. இது அது இல்ல. பல் செத்துப்போய் வேர் நுனியில சீழ் கட்டியிருக்கு. அந்தக் கொப்புளம் வழியா வருஷமா ஒழுகிக்கிட்டிருக்கு. கூட இருக்கறவங்க யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை.

பல்லில் துளை போட்டுச் சீழை இறக்கினார். அந்த நாற்றம் எனக்கே வந்தது. உதவிக்கு நின்ற அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அச்சு அசல் தனம் திருப்பிக்கொள்கிற மாதிரியே.

பிடுங்கினால் ஐந்து நிமிஷம் என்றார். காப்பாற்ற வேண்டுமானால் ஈறைக் கீறி, எலும்பைத் துளைத்து, வேர் நுனியை வெட்ட வேண்டும். நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. காப்பாற்றுங்கள் என்றேன். பொக்கை வாயோடு குடியாத்தம் போக மனசு வரவில்லை. இந்த லட்சணத்திலும் அழகு பார்க்கிறேன்.

வழியெல்லாம் யோசனை. ஜன்னலண்டை போன சாயபு. எட்டி நிற்கிற ஏழுமலை. அவன் கை வாயிலா இருந்தது? மூக்கில் அல்லவா இருந்தது. தனத்தின் முந்தானை. அத்தர் வேறு! நாறுகிற வாயை வைத்துக்கொண்டு சட்டைக்கு அத்தர்.

மாசி 24, புதன்

வீக்கம் வடிகிறது. ஷாப்பில் வாயைத் திறக்கவே கூச்சம். சாயபு கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். கொல்லைப்பக்கம் யாரோ சிரித்தார்கள், என்னைப் பற்றித்தான் என்று பட்டது. இல்லாமலும் இருக்கலாம்.

தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டை வண்டி வரவில்லை. குடை ரிப்பேர். எண்ணெய் தீர்ந்தது.

தனம் ஒரு தரம், ஆவணியில் கல்யாணமான புதிதில், "கிராம்பு போட்டுக்குங்களேன்" என்று கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கிராம்பு பிடிக்காது என்று எரிந்து விழுந்தேன். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. சொல்லித்தான் இருக்கிறாள் பாவம், அவளால் முடிந்த மட்டும்.

மாசி 29, திங்கள்

ஆபரேஷன் ஆயிற்று. கொஞ்சமாக எழுதுகிறேன்.

ஊசி போட்டதும் உதடு மரத்துப் பிறத்தியார் உதடு ஆகிவிட்டது. ஆட்டுத்தோலை உரிப்பதுபோல ஈறை உரித்துத் தூக்கினார். வலி இல்லை, சத்தம்தான். தையல் மிஷின் மாதிரி காலால் மிதிக்கிற யந்திரம், எலும்பில் கரகரவென்று. கண்ணை மூடிக்கொண்டேன். வேரைச் சுத்தம் செய்து அடைத்து, நுனியை வெட்டி, சீழ்ப்பையைச் சுரண்டி எடுத்து, தையல் போட்டார்.

வெட்டிய நுனியைத் தட்டில் காட்டினார். அரிசி நொய் அளவு. இதற்காகவா ஒரு பெண்ணை அவள் தெருவில் வைத்துத் தலைகுனிய வைத்தேன்? அழுதேன். வலிக்கிறது என்று நினைத்து டாக்டர் தட்டிக் கொடுத்தார்.

பங்குனி 2, புதன்

ஏழுமலை வந்தான். கவனித்தேன். இன்றைக்குக் கை மூக்கில் இல்லை, வாயில் இருந்தது. "கையை எடு, ஏழுமலை" என்றேன். தையல் போட்ட வாயில் சொன்னது அவனுக்கு எப்படிக் கேட்டதோ, பயந்துபோய் இன்னும் எட்டி நின்றான். கையை எடுக்கவில்லை.

பங்குனி 4, வெள்ளி

தாங்கவில்லை. குடியாத்தம் போனேன்.

மாமா பாய் போட்டார். தனம் கதவோரம். இளைத்திருக்கிறாள். வழி நெடுக மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். தோல் இல்லை மாமா, என் வாய், உங்கள் பெண்மேல் தப்பில்லை என்று. ஈறுத் தையலிலும் உதட்டு வீக்கத்திலும் எல்லாம் கொழகொழத்துப் போயிற்று.

"இன்னாம்மா சொல்றாரு மாப்பிள்ளை?"

தனம் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, சத்தியமாகப் புரிந்துவிட்டது. "வாய் நோவுதாம்பா. பேச முடியலியாம்."

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம். இந்த நேரத்துல கூட இருந்து கஞ்சி காச்சிக் குடுக்க வாணாமா? வாடை ஆவலன்னு இங்க வந்து உக்காந்துக்கினு கீது. நாங்க வளத்தது சரியில்ல மாப்பிள்ளை, மனசுல வச்சிக்காதீங்க."

நான் தலையாட்டினேன்.

தலையாட்டினேன்! எதற்கு ஆட்டினேன்? அவள் உள்ளே போய்விட்டாள். மோர் கொடுத்தார்கள், குடித்தேன், ரயிலேறினேன். நாய் செய்யுமா இதை?

பங்குனி 7, திங்கள்

வேலூரில் தையல் பிரித்தார்கள். டாக்டர் பல்லைத் தட்டிப் பார்த்தார். "இப்போதைக்கு நிக்குது. வாடையும் போய்ட்டுது." பேசச் சொன்னார். பேர், ஊர் சொன்னேன். தெளிவாக வருகிறது. இனிச் சாக்கு இல்லை.

ஆம்பூர் டிக்கெட். வழியில் குடியாத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். மாமா குழித்தறியில். தனம் பக்கத்தில் ராட்டையில் ஊடைநூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். "தறிய நிறுத்துங்க மாமா" என்றேன். நிறுத்தினார். எதிர்வீட்டுத் தறியும் நின்றது, என்னவோ என்று பார்க்க. நல்லதாயிற்று. அன்றைக்கும் அவர்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்.

"வாடை தோலோடது இல்ல மாமா, என் வாயோடது. பல்லு அழுகிக் கெடந்தது. உங்க பொண்ணு சொல்லாம பொறுத்துக்கினு இருந்துச்சு. நான்தான் அது மேல பழி போட்டேன். வெள்ளிக்கெழமையும் என்னைக் காப்பாத்தத்தான் அப்டிச் சொல்லிச்சு."

மாமா தறியில் அறுந்திருந்த நூலொன்றை முடிந்தார். பிறகு மகளிடம், "நீ ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

"புருஷன் வாய் நாறுதுன்னு எந்தப் பொண்ணுப்பா அப்பங்கிட்ட வந்து சொல்லும்?"

ராட்டை நிற்கவில்லை.

"வர்றியா, தனம்?" என்றேன். கெஞ்சல் மாதிரித்தான் வந்தது.

"இந்தத் தார் முடியட்டும்."

பாயில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தறி மறுபடி ஓடுகிறது. மோர் வரவில்லை.

அந்தத் தார் முடிந்துவிட்டது. இன்னொரு வெறுங்குழலை எடுத்து ராட்டையில் மாட்டுகிறாள்.