காலிப் பெட்டி கேட்டாய்

என் செல்லப் பேத்திக்கு,

பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? மேடையில் உன் கழுத்தெலும்பு மூன்றாவது வரிசை வரைக்கும் தெரிந்தது.

நாடகம் முடிந்த கையோடு வேனில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விட்டாய். மூன்று நாளாகப் போன் இல்லை. வேலையா, கோபமா என்று தெரியாமல்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பா சொல்லித்தான் என் தப்பு எனக்கே தெரிந்தது. நாடகத்தின் கடைசியில் நீ என் பெட்டியைத் திறப்பாய், உள்ளே ஒன்றுமே இருக்காது, விளக்கு அணையும். வீடு தேடி அலைந்தவளுக்கு மிஞ்சியது வெறும் பெட்டி, அதுதான் கதையாமே. "காலிப் பெட்டின்னு மூணு தடவ சொன்னாளேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டான். சொன்னாய், நான் மறுக்கவில்லை. காலி செய்துதான் வைத்திருந்தேன். ஆனால் வெளியூர் போகிற பெட்டியை வெறுமனே அனுப்ப மனசு வரவில்லை. ஒரு போர்வை, ஒரு துண்டு, கொஞ்சம் ஊக்கு, டார்ச் லைட். நாலே சாமான்.

அதிகாரி, வீட்டுக்காரம்மா, பஸ் டிரைவர், நான் என்று எல்லாமே நீ ஒருத்திதான். இடுப்பில் கை வைத்து நீ நடந்தபோது, "அம்மா, மேடையில நீங்கதான் நடந்து போறீங்க" என்றான் உன் அப்பா. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எத்தனை நாள் தங்கப் போறீங்க?" என்று கேட்டாயே, நான் பெட்டியோடு இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது அந்த அதிகாரி அப்படியேதான் கேட்டார். அன்றைக்குச் சொன்ன மாதிரியே, "ரெண்டு வருஷங்க" என்று என் வாய் முணுமுணுத்தது. பெட்டியை மூச்சு வாங்க இழுத்தாய். என்னமாய் நடிக்கிறாள் என்று பூரித்துப்போனேன். நிஜமாகவே கனத்திருக்கிறது, பாவம்.

பெட்டியைத் திறந்து நீ அப்படியே நின்றாய். பிறகு போர்வையை எடுத்து உதறி மேடையில் விரித்தாய். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தாய். டார்ச்சைப் போட்டுக் கூரையை ஒரு தரம் பார்த்துவிட்டு, நீயே அணைத்தாய். அப்புறம் கைதட்டல் ஓயவே இல்லை. பக்கத்து இருக்கை அம்மா நீங்கள் யார் என்று கேட்டார். பெட்டிக்குச் சொந்தக்காரி என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

இன்னொரு சேதி. அந்தப் பெட்டி முப்பத்தெட்டு வருஷம் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. எப்போது ஊரை விட்டுக் கிளம்பச் சொன்னாலும் தயாராக இருக்கட்டும் என்று நாலு புடவையும் எல்லோருடைய சான்றிதழ்களும் அதில் வைத்திருந்தேன். "உனக்கு எத்தன மணிக்கு ரயில்?" என்று உன் தாத்தா கடைசிவரை கேலி செய்தார். நீ கேட்டதற்காக வெளியே எடுத்துப் புடவைகளையும் சான்றிதழ்களையும் அலமாரியின் நடுத்தட்டில் அடுக்கினேன். தினமும் அலமாரியைத் திறந்து பார்க்கிறேன். அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

அதனால் பெட்டியைத் திருப்பி அனுப்பாதே. இனிமேல் அது எனக்கு வேண்டாம். முடிவு பழையபடியே இருக்க வேண்டுமென்றால் சாமானை எடுத்துவிடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். போன் மட்டும் பண்ணு, கண்ணு.

போகிற ஊரெல்லாம் உனக்குக் கதவு திறக்கட்டும். சாப்பிட்டுவிட்டு மேடை ஏறு.

இப்படிக்கு,
காலிப் பெட்டி அனுப்பத் தெரியாத
உன் பாட்டி