சிவப்பு மை தொட்ட உத்தரவு

பாய்,

இன்று காலை தாலுகா கச்சேரிச் சுவரில் புதிதாக ஓர் இங்கிலீஷ் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. நாலு வரிக்குள் ஏழு பிழை. வாக்கியம் எங்கே முடிகிறது என்று எழுதியவனுக்கே தெரிந்திருக்காது. வருகிறவர் போகிறவர் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நான் மட்டும் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பாழாய்ப்போன புத்தி உன்னிடமிருந்து தொற்றியது.

கச்சேரி வாசல் மரத்தடியில் பன்னிரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இங்கிலீஷ் தெரியாத ஜனங்களுக்கு மனு எழுதினோம். மத்தியானத்துக்குள் நான் ஆறு முடிப்பேன், நீ இரண்டு. எழுதியதை வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டாமல் கைரேகை வாங்க மாட்டாய். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்குவாய்.

"இன்னா அண்ணாத்தே, ரயிலப் புடிக்கப் போறவன் மாதிரி எய்திக்கினு கீறே? ஒருத்தன் வயித்தெரிச்சல்பா இது. ஒயுங்கா எய்து" என்பாய்.

"படிக்கிறவனே ஒயுங்கா படிக்கிறதில்ல பாய்" என்று நான் சிரிப்பேன். சிரிப்பு வெளியே மட்டும்தான். நான் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்போதும், ஜனங்கள் பூந்தமல்லி பஜாரிலிருந்தே உன் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்து, உனக்காகக் காத்திருப்பார்கள். எனக்கு எரியும்.

யுத்தம் வந்தது. ஆவடிப் பக்கம் பட்டாள முகாமுக்கு நிலம் எடுத்தார்கள். அங்கே பயிர் வைத்திருந்த முனுசாமி என்ற குடியானவர் உன்னிடம் ஓடி வந்தார். கழனியில் கதிர் முற்றி நிற்கிறது, அறுக்க இருபது நாள் தவணை வேண்டும் என்று கேட்டார். நீ அந்த மனுவை மூன்று தரம் எழுதினாய். பத்தாம் நாள் வெள்ளைக்கார அதிகாரியின் கையொப்பத்தோடு பதில் வந்தது. மூன்றே வரி.

"இன்னா நைனா எய்திக்கீது?" என்று முனுசாமி உன் முகத்தையே பார்த்தார். முடியாதாம் என்று சொன்னாய். அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். அந்த மூன்று வரியிலும் ஸ்பெல்லிங் சரியில்லை, புள்ளி இல்லை, அவர் பெயர்கூடச் சரியில்லை. நீ தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினாய்.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லட்டும் அண்ணாத்தே. ஒருத்தன் நெல்லு போவுது. ஒரு தபா படிச்சிப் பாத்துட்டு கையெய்த்து போடக்கூடவா நேரமில்ல அவனுக்கு?"

சிவப்பு மையை எடுத்தாய். பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி ஒவ்வொரு பிழையையும் சுழித்து, மேலே சரியானதை எழுதி, அன்றைக்கே அதே அலுவலகத்துக்குத் தபாலில் திருப்பி அனுப்பினாய். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாலாம் நாள் ஹெட் கிளார்க் என்னை உள்ளே கூப்பிட்டார். அந்தத் தாள் மேஜைமேல் கிடந்தது.

"யார் கையெழுத்துய்யா இது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உன் வீட்டில் மூன்று பெண்கள், வேறு பிழைப்பு இல்லை என்பதும் தெரியும். உன் பெயரைச் சொன்னேன். பயம்தான். உன்னிடம் வருகிற கூட்டம் இனி என்னிடம் வரும் என்ற நப்பாசையும் இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று சாயங்காலமே உன் அனுமதிச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். வாசலில் கால் வைக்கக்கூடாது என்றார்கள்.

பதினைந்து நாள் கழித்து நசரத்பேட்டைக்கு, என் வீட்டுக்கு வந்தாய்.

"திரும்ப உக்கார உடச் சொல்லி எனக்கு ஒரு மனு எய்திக் குடு அண்ணாத்தே. என் கையின்னா தெரிஞ்சிக்கினு கியிச்சிப் போட்டுடுவாங்க."

உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சீக்கிரம் போனால் போதும் என்று, வழக்கம்போல் கிறுக்கி நீட்டினேன். நீ மெதுவாகப் படித்தாய். ஐந்து இடத்தில் உன் கண் நின்றது. பேனா உன் கையில்தான் இருந்தது. ஒன்றையும் தொடவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு மடித்துக்கொண்டாய்.

பதில் வரவில்லை. இரண்டு வருஷத்தில் நீயும் கண்ணை மூடிவிட்டாய். காட்டிக் கொடுத்தவன் நான்தான் என்று உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. கூட்டம் முழுக்க இப்போது என் பெஞ்சில். எழுதியதைப் படித்துக் காட்டு என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்த மனு எனக்கு மனப்பாடம் பாய். ஐந்து பிழையையும் திருத்தி, சுத்தமாக ஒரு நகல் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட நீ இல்லை.