ம.உ. வகுப்பும் என் வாயும்

வைகாசி 8, திங்கள்

காலை முழுக்க மூடுபனி. பத்து மணிக்குத்தான் எதிர்மேடு தெரிந்தது. பலா நான்கு பழுத்தாயிற்று, இரண்டைக் குரங்கு பார்த்தாயிற்று. முழங்கால் வலி நேற்றைப் போலவே.

ரேஷன் கடைச் சுவரில் புதுத் தாள். 'ம.உ. பயிற்சி. செவ்வாய், புதன். சமுதாயக் கூடம். டீ, பிஸ்கட் உண்டு.' மனித உரிமை என்று ஒட்டியவனே சொன்னான். இடம் போதாமல் சுருக்கிவிட்டானாம்.

பலா ஏற்ற ஜீப்போடு வந்த என் மகன் ராசு, "ம.உ.ன்னா என்னங்கப்பா?" என்றான். என் நாக்கு சும்மா இருக்குமா.

"மாமன் உரிமைடா. அக்கா புள்ளையக் குடுக்காம இழுத்தடிக்கறாங்கல்ல, அதுக்கு கவர்மெண்டுல ஏற்பாடு."

சிரிப்பான் என்று நினைத்தேன். எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

அவன் அவசரம் அவனுக்கு. என் மகள் மல்லிகாவின் பெண் வெண்ணிலா இவனுக்கு உரிமைப் பெண். அவள் தொட்டிலில் கிடந்தபோதே முடிவான பேச்சு. ப்ளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று மல்லிகா தள்ளிக்கொண்டே வந்தாள். ரிசல்ட் வந்தாயிற்று, சித்திரையில் பெண்ணுக்குப் பதினெட்டும் முடிந்தாயிற்று. வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றுகிறோம். தட்டை எடுத்துப்போய் நீட்ட வேண்டியவன் நான்.

வெண்ணிலா நாமக்கல்லில் நர்சிங் படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை கடைசி நாள். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. நானும்தான். அவள் இங்கே வந்துவிட்டால் எனக்கு வம்பிழுக்க வீட்டிலேயே ஆள்.

வாங்க வேண்டியவை: வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, முழங்கால் தைலம்.

வைகாசி 9, செவ்வாய்

தூறல். கூடத்தில் முப்பது பேர். பாதிப் பேர் டீக்கு வந்தவர்கள். நான் முழுக்க டீக்கு.

பாடம் எடுக்க சேந்தமங்கலத்திலிருந்து ஒரு வக்கீலம்மா. சின்ன வயது. பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறி வந்த முகம். மலைப்பாதையில் வளைவு எழுபது இருக்கிறதே, வளைவுக்கு ஓர் உரிமை உண்டா என்று கேட்டேன். அந்த நிலைமையிலும் சிரித்தாள். நல்ல பெண்.

போர்டில் எழுதியது: உயிரோடு இருக்க. அடிபடாமல் இருக்க. பேச. படிக்க. பிடித்தவரைக் கட்டிக்கொள்ள, பிடிக்காவிட்டால் மறுக்க. இதெல்லாம் பிறக்கும்போதே வருவதாம். யாரும் தருவதில்லை, யாரும் பிடுங்கவும் கூடாது. பிறக்கும்போது பல்லே வருவதில்லை, இதெல்லாம் எங்கிருந்து வரும் என்றேன். நல்ல சிரிப்பு கூடத்தில்.

அப்போது ராசு எழுந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை. கையில் மனு. மனு வேறு எழுதியிருக்கிறான்.

"ஏனுங்க, எனக்கு அக்கா மக மேல உரிமை இருக்குதுங்க. நீங்க சொன்னாப்பல, பொறந்தப்பவே வந்த உரிமை. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா ஆச்சுங்க."

வக்கீலம்மா மனுவைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களாண்ணா?"

"எதுக்குங்க கேக்கறது? உரிமைதானுங்களே."

குறும்புக்குச் சொல்லவில்லை. மெய்யாகவே அவனுக்குக் கேள்வி புரியவில்லை. கூடமே சிரித்தது. அதிகம் சிரித்தது நான். அப்புறம்தான் பார்த்தேன், பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் வெண்ணிலா. தலையைத் தூக்கவே இல்லை.

வக்கீலம்மா யார் அந்தப் பெண் என்று துருவவில்லை. நீங்கள் சொல்கிற உரிமை இன்னொருத்தர் மேல் வைப்பது, நான் சொல்வது அவரவர் மேல் அவரவருக்கு உள்ளது, பேர் ஒன்று சரக்கு வேறு என்று சொல்லி டீக்கு விட்டாள்.

பிஸ்கட் நான்கு எடுத்தேன். ஒன்றுதான் இறங்கியது.

வைகாசி 10, புதன்

வெயில். மிளகுக் கொடிக்கு முட்டு கொடுக்க வேண்டும், கொடுக்கவில்லை.

வகுப்பில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. வேண்டிய உரிமை ஒன்றை எழுதிப் போட வேண்டும், பேர் போடக் கூடாது. எனக்குத் தொண்டை பெரிது என்று வாசிக்கும் வேலை. நாலாம் வகுப்புப் படிப்புக்கு இது பெரிய பதவி.

வந்தவை: நிலத்துக்குப் பட்டா. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. மழைக்காலத்திலும் பஸ். பல் போனவனுக்கு முறுக்கை ஊறவைத்துத் தரும் உரிமை (இது நான்). 'என் புருசன் என் போனை நோண்டக் கூடாது.' இந்த எழுத்தை எங்கேயோ பார்த்தமாதிரி இருக்கிறதே என்று சீட்டைத் தூக்கிக் காட்டினேன். வக்கீலம்மா முகம் மாறிவிட்டது. "பேர் வேண்டாம்னு நம்பித்தானுங்க ஐயா எழுதியிருக்காங்க." சீட்டை இறக்கினேன். இந்த வயதில் வகுப்பில் திட்டு.

அதற்கு அடுத்த சீட்டு. 'என்னை ஒரு தடவை கேட்கணும்.'

அவ்வளவுதான். எழுத்து எனக்குத் தெரியும். என் பென்ஷன் மனு முழுக்க அந்தக் கைதான் எழுதியது. அப்படியே வாசித்தேன், மேலே ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ராசு கடைசி வரிசையில் பலாக்கொட்டை கொறித்துக்கொண்டிருந்தான். மற்ற சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஒன்று என் சட்டைப் பையில்.

வைகாசி 11, வியாழன்

மழை. கரண்ட் இல்லை. ராசு லோடு ஏற்றப் போகவில்லை. இதுதான் சமயம் என்று சொல்லிவிட்டேன். அது மனித உரிமை, மாமன் உரிமை என்றது என் வேலை.

"ஊரே சிரிச்சுதுங்கப்பா."

"ஆமா."

"நீங்களும் சிரிச்சீங்க."

"ஆமா."

சீட்டைக் காட்டவில்லை. பேர் போடாமல் எழுதியது. அந்தப் பிள்ளையை நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, நாளைக்குக் கேட்டுவிடலாம் என்றேன்.

"மாட்டேன்னுட்டா?"

ஒழுகுகிற இடத்துக்குச் சட்டியை நகர்த்தி வைத்தேன்.

"கேக்காம இருந்தாத் தேவலைங்கப்பா" என்றான். ஜீப்பை எடுத்துக்கொண்டு மழையில் போனான். சோறு அப்படியே இருந்தது.

மல்லிகா போன். நாளை நாலு மணிக்கு வந்துவிட வேண்டுமாம். வெண்ணிலா இரண்டு நாளாக யாரோடும் பேசுவதில்லையாம். வெட்கமாக இருக்கும் என்றாள்.

வைகாசி 12, வெள்ளி

மழை விட்டது. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. எங்கள் பக்கம் ஐந்து பேர். ராசு கடைசி வரைக்கும் வரமாட்டான் என்று நினைத்தேன். வந்து ஜீப்பை எடுத்தான்.

மல்லிகா வீட்டுக்காரர் பாய் விரித்தார். காப்பி ஆயிற்று. தட்டை நீட்ட வேண்டிய நேரம். நான் மடியிலேயே வைத்துக்கொண்டு வெண்ணிலாவைக் கூப்பிட்டேன். பாக்கு மாற்றும்போது பெண்ணைக் கூப்பிடும் வழக்கம் எங்களில் இல்லை. அப்பன் ஏதோ கூத்துக் காட்டப் போகிறான் என்று மல்லிகா முறைத்தாள்.

"ராசுவக் கட்டிக்கறயா கண்ணு? விளையாட்டுக்குக் கேக்கல."

என் முகத்தையே பார்த்தாள். நம்பலாமா என்று பார்த்தாள் போல. பதினெட்டு வருஷமாக நான் செய்த விளையாட்டுக்குக் கூலி.

"வேண்டாங்க அப்புச்சி. மாமா நல்லவங்கதான். நான் படிக்கோணும்."

மல்லிகா அழுதாள். அவள் வீட்டுக்காரர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். கிழவன் வாயால் கெட்டது என்று பின்னால் யாரோ. நாளை முதல் பஸ்ஸுக்கு நாமக்கல் போக வேண்டும் என்று வெண்ணிலா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது கேட்டது. மல்லிகா தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை.

ராசு எழுந்து, போகலாம் என்றான்.

ஜீப்பில் ஏறினோம். மற்றவர்களை முக்கில் இறக்கிவிட்டான். நாங்கள் இரண்டு பேர், மடியில் தட்டு. ஏற்றத்தில் கியர் மாற்றும்போது சொன்னான்.

"நானே கேட்டிருக்கோணுங்கப்பா."

இப்பத்தான்டா உனக்கு ம.உ. புரிஞ்சுது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.