ஏழு நாள் வீடு

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பேருந்து நிலையத்துக்கு எதிரில் லாரியிலிருந்து பச்சைத் தென்னங்கீற்று இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிரம்மோற்சவக் கூட்டத்துக்குப் பந்தல் போடுகிறார்கள். ஈரம் காயாத கீற்றின் வாசனை மூக்கில் ஏறியதும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. உன் சாவுக்கு நான் வரவில்லை. கேட்டவர்களிடம் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு உன்மேல் கோபம். இன்னும் ஆறவில்லை.

ஓவியக் கல்லூரி விடுதியில் நாம் இருவரும் ஒரே அறை. பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த யூதப் பெண் நீ. உங்கள் பூர்வீகம் பம்பாய்க்கு அந்தப் பக்கம் என்பாய். நான் திருப்பதியிலிருந்து வந்த வைணவ வீட்டுப் பெண். நீ வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றுவாய், வார்டன் கண்ணில் படாமல் நான் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பேன். நீ சாப்பிடாதது ஒரு பட்டியல், நான் சாப்பிடாதது ஒரு பட்டியல். சமையல்காரர் இருவரையும் சேர்த்தே வைவார். "நம்ம சாமிங்க ரெண்டும் சமையக்கட்டுலதான்டி குடியிருக்குதுங்க" என்று நீ சிரிப்பாய்.

உங்கள் குடிசைப் பண்டிகையைப் பற்றி அந்த அறையில்தான் சொன்னாய். ஏறக்குறைய எங்கள் புரட்டாசிக்கே வருவது. வீடு வாசல் இருக்கிறவர்களும் ஏழு நாள் குடிசை கட்டி அதில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கூரை இலை தழைதான், வானம் தெரிய வேண்டும். இல்லாதவர்களை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். "கூரை கெட்டியா இருந்தா வெளியில படுத்திருக்கறவன் ஞாபகம் வராது" என்றாய். அன்றைக்கு உன்னை எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா?

அதனால்தான் இருபது வருஷம் கழித்து, அந்தக் குடிசையை ஒரு கலைப்படைப்பாகத் திருப்பதியில் தெருவோரம் கட்டப்போகிறோம் என்று நீ போன் செய்தபோது நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உன்னோடு பம்பாயிலிருந்து உங்கள் சமூகத்து ஓவியர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மலைக்குப் போகிற கூட்டம் நடைபாதையில் படுத்திருப்பவர்களைத் தாண்டிக்கொண்டு போகிறதே, அந்தக் கூட்டத்தை உள்ளே அழைத்து அவர்களோடு உட்கார வைப்பது உங்கள் எண்ணம். தெரிந்தவரின் காலி மனையை நான் கேட்டு வாங்கித் தந்தேன். ஜெயம்மாவையும் நான்தான் கூட்டி வந்தேன்.

தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற குப்பத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவள். புருஷன் விட்டுப் போனபின் மகளோடு ரயில் நிலையத்துச் சுவர் ஓரம் படுத்திருந்தாள். மகள் என் வகுப்பில் படித்தாள். துணி மாற்ற ஸ்டேஷன் கழிப்பறையில் வரிசையில் நின்றுவிட்டு தினமும் லேட்டாக வருவாள். குடிசை எழும்பியதும் ஜெயம்மா செய்த முதல் காரியம், தன் கல்யாணச் சேலையை, கத்தரிப்பூ நிறம், மூட்டையிலிருந்து எடுத்து வாசலில் மறைப்பாகக் கட்டியது. மகள் உள்ளே போய்த் துணி மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அவ்வளவுதான். அதைப் பார்த்து நீ அழுதாய், நானும் அழுதேன்.

மூன்றாம் நாள் மழை. ஜெயம்மா எங்கிருந்தோ ஒரு ஜவுளிக்கடை பேனரைக் கொண்டுவந்து கூரைமேல் போர்த்திவிட்டாள். பம்பாய்க்காரர்கள் பதறிப்போனார்கள். வானம் தெரியாவிட்டால் அது அந்தக் குடிசையே இல்லையாம். நீ ஏறி அதை உருவினாய். ஜெயம்மா சண்டை போடவில்லை. "இத்தினி வருசமா நட்சத்திரம் பாத்துக்கினுதாம்மா படுத்துக்கினு கீறேன், இன்னும் பாக்கணுமா" என்று சிரித்தாள். நாமும் சிரித்தோம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆனால் கூட்டம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மொட்டை போட்ட தலையும் சந்தனமுமாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தயிர்சாதம் சாப்பிட்டார்கள், ஜெயம்மாவிடம் ஊர் பேர் விசாரித்தார்கள். அவள் முகம் வீட்டுக்காரியின் முகமாக மாறிக்கொண்டே வந்தது. ஒரு நாள் அவள் என்னைத் தனியாக அழைத்து, கூட்டம் போனதும் கொட்டாயைப் பிரித்துவிடுவீர்களா என்று கேட்டாள். நேரே உன்னிடம் கூட்டி வந்தேன். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "இருக்கும் ஜெயம்மா. நான் பாத்துக்கறேன்." மனைக்காரரும் பொங்கல் வரை இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். உனக்கும் அது தெரியும்.

எட்டாம் நாள் காலை நான் வரும்போது கழிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். ஜெயம்மாவின் கல்யாணச் சேலை மடித்து உங்கள் பெட்டி ஒன்றுக்குள் இருந்தது. அதற்குப் பதிலாக நீ கொடுத்த புதுச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயம்மா நடுமனையில் நின்றாள்.

"இருக்கும்னு சொன்னியேடி" என்றேன்.

"ஏழு நாள்தான் வழக்கம். பிரிச்சாத்தான் அதுக்கு அர்த்தம். வேற ஊர்ல வெச்சா இன்னும் எவ்ளோ பேர் பாப்பாங்க, யோசி" என்றாய்.

"சொல்லும்போதே தெரியுமா?"

நீ குனிந்து கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாய். சின்ன வயசிலிருந்து தெரிந்த வழக்கம் அன்றைக்கு மட்டும் மறந்துவிடுமா? அவள் தன் வீடு என்று நம்பினால்தான் வருகிறவர்கள் மனசு இளகும். அது உனக்கு வேண்டியிருந்தது. அடுத்த புரட்டாசிக்கு வந்து நல்லதாகவே கட்டித் தருகிறேன் என்று அவளுக்கு இன்னொரு வாக்கும் கொடுத்துவிட்டு வண்டி ஏறினாய். ஜெயம்மா அந்தப் புதுச் சேலையை என்னிடம் நீட்டினாள். "நல்லாத்தான் கீது டீச்சரம்மா. இத்த எங்க கட்டறது?"

சென்னைக் கண்காட்சிக்கு நீ அழைத்தாய், வந்தேன். குளிரூட்டிய கூடத்தில் குடிசை நின்றது. கத்தரிப்பூச் சேலைமேல் விளக்கு வெளிச்சம். தொடாதீர்கள் என்று ஒரு அட்டை. என் பக்கத்தில் நின்ற அம்மாள் நிஜமாகவே விசும்பி அழுதாள். உன் கலை பலித்துவிட்டது. நீ அந்தக் கோடியிலிருந்து என்னைப் பார்த்தாய். நான் கிளம்பி வந்துவிட்டேன். அதுதான் கடைசி. அடுத்த புரட்டாசிக்கு நீ அதே குடிசையோடு பூனாவில் இருந்தாய். அதற்கப்புறம் உனக்கு உடம்புக்கு வந்துவிட்டது.

போன வாரம் ஜெயம்மாவைப் பார்த்தேன். மகள் ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலைக்குப் போய் விடுதியில் இருக்கிறாள். ஜெயம்மா அதே சுவரோரம்தான். வருஷா வருஷம் கேட்பதுபோல இந்த வருஷமும் கேட்டாள்: "உங்க சிநேகிதி வராங்களா டீச்சரம்மா? கட்டித் தரேன்னு சொல்லிக்கினு போனாங்களே."

தெரிந்தேதான் பொய் சொன்னாள் என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும், அவளும் உன்னை வாயாரத் திட்டித் தீர்த்துவிடுவாள். செத்துப்போய்விட்டாள் என்றாவது சொல்லலாம். நாக்கு வரை வருகிறது. நீ எங்கள் இருவரையும் விட்டுக்கொடுத்தாய். எனக்கு உன்னை விட்டுக்கொடுக்க வரவில்லை. "வெளியூர்ல வேலை ஜெயம்மா, வருவா" என்றேன். அவள் நம்பினாள்.