குளத்தில் இறங்கிய டீச்சர்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? எனக்கு இடுப்புதான் விண்விண் என்கிறது, பயப்பட வேண்டாம்.

நான் கழுவும் நீச்சல் குளத்துக்குச் சக்கர நாற்காலியில் ஒரு டீச்சர் வருவார். தன் பிள்ளைகள் நீந்துவதைக் கரையிலிருந்தே பார்ப்பார். ஆளைத் தண்ணீரில் இறக்கும் தூக்கி துருப்பிடித்து மூலையில் கிடந்தது. "அத யாரு கேக்கப் போறா?" என்பார் மேலாளர். நேற்று நானே சுரண்டி, எண்ணெய் விட்டு, கைப்பிடியைச் சுற்றி டீச்சரை இறக்கினேன்.

"தண்ணியில நான் கனமே இல்ல!" என்று சிரித்தார். பிறகு, "நீங்க இறங்கலயா?" என்றார்.

"வேலைக்காரங்க இறங்கக் கூடாது டீச்சர்."

அவர் மேலாளரை ஒரு பிடி பிடித்துவிட்டார். இனி விடுமுறையன்று எங்களுக்கும் குளம் உண்டு.

என் அரைக்கால் சட்டையை அனுப்புங்கள். என் விடுமுறையன்று அறையில் மற்றவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், பேச ஆளிருக்காது, தண்ணீரிலாவது கிடக்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்