சந்திரபுரிக்குக் கொண்டுபோன தேயிலை

அத்தை,

என் மேசைமேல் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. தேயிலைப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டுவார்களே, அந்த ஈயத்தாளில் மடித்தது. ஒரு மூலை கிழிந்து வாசனை கசிகிறது. கொழுந்தை அரைக்கிற தேயிலை ஸ்டோரில் இயந்திரம் ஓடினால் நம் லயத்து வீடுகள் முழுவதும் அதே வாசனைதான். அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. ஆனால் ஈயத்தாளுக்குள் இருந்த தேயிலைக்கு வேறொரு மணம் உண்டு. சந்திரபுரி வாசனை என்று நீங்கள் சொல்வீர்கள். காலையிலிருந்து படிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"சந்திரபுரிக் கப்பல்" நாடகத்தை யார் எழுதினார்கள் என்று நம் எஸ்டேட்டில் ஒருவருக்கும் தெரியாது. எழுதிய தாள் என்று ஒன்று இருந்ததும் இல்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போட்டுப் போட்டு எல்லார் வாயிலும் அது இருந்தது. உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளால் கப்பல். அதன்மேல் பளபளவென்று ஈயத்தாள். சில்வர் ஓக் கிளையில் கயிற்றைப் போட்டு நாலு பேர் இழுத்தால் கப்பல் ஆடி ஆடி மேலே, நிலவிலிருக்கும் சந்திரபுரிக்குப் போகும். கயிறு எல்லார் கண்ணுக்கும் தெரியும். யாருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

சந்திரபுரியில் ராணி மாமாதான். பகலில் ஸ்டோர் அடுப்பில் விறகு போடுகிற மாமா, அன்றைக்கு உங்கள் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு பெட்டிச் சிம்மாசனத்தில் அமர்வார். "நெடுந்தூரம் கடந்து வந்த பூலோக வாசிகளே! வெறுங்கையோடா வந்தீர்கள்? என்ன கொண்டு வந்தீர்கள்?" என்று கடைசிச் சொல்லை இழுப்பார். தளபதி பதில் சொல்வதற்குள் மைதானமே "தேயிலை!" என்று கத்தும். தளபதி ஈயத்தாள் பொட்டலத்தை நீட்டுவான். ராணி மோந்து பார்த்து மயங்கி விழுவாள். நாடகம் முடிந்ததும் மாமா அந்தப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். நீங்கள் பெரிய பானையில் தண்ணீர் வைப்பீர்கள். லயத்துக்கே சந்திரபுரித் தேத்தண்ணி.

மாமா நெஞ்சுவலியில் போனபோது நான் சின்னப் பிள்ளை. அதற்குப் பிறகு வேறொருவர் ராணி வேஷம் கட்டினார். அவரும் மாமாவைப் போலவே இழுத்துச் சொன்னார். சொல்லாவிட்டால் ஜனங்கள் விடமாட்டார்கள். அந்த இடம் வரும்போது நீங்கள் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்து ஒரு தடவை, "தூக்கமா அத்தை?" என்று கேட்டேன்.

"ஏட்டி, கோட்டிக்காரி. கண்ண மூடுனா அவுக கொரலுதான். வருசத்துக்கு ஒரு நாள் வாறாக. தூங்குவனா?" என்றீர்கள்.

பிறகு நிஜமாகவே ஒரு ஆள் நிலவில் இறங்கி நடந்தான். பள்ளிக்கூட நூலகத்தில் அதைப் பற்றி வந்த ஒரு புத்தகத்தை நான் மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். காற்று இல்லை, தண்ணீர் இல்லை, புல் பூண்டு இல்லை, தூசியும் கல்லும்தான். சனிக்கிழமை கொழுந்தெடுக்க உங்களோடு வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வருவேன். நீங்கள் கை நிறுத்தாமல் பதில் சொல்வீர்கள்.

"எறங்குனவன் எந்தப் பக்கம் எறங்குனானோ? மூணாத்துல எறங்கி நின்னுட்டு, வட்டவடையில ஆளே இல்லன்னு சொல்லிற முடியுமாட்டி?"

"காத்தே இல்லை அத்தை. ஆள் எப்படி இருக்கும்?"

"காத்து இல்லாத ஊர்ல கொடி எப்படி விரிஞ்சு நிக்கி? படத்துல பாத்தேன்லா."

"அதுக்குள்ள கம்பி வச்சிருக்காங்க."

நீங்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். "கேட்டீகளா இவ சொல்லுதத! அவன் கம்பி வச்சுக் கட்டுனா ஆராய்ச்சி. நாங்க கயிறு வச்சு இழுத்தா இதுகளுக்கு இளக்காரம்!"

நிரையில் கொழுந்தெடுத்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை வேறொரு ஆதாரத்தோடு வந்தேன். உங்களை நம்பவைத்துவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. உண்மை தெரிந்தால் உங்களுக்கும் என்னைப் போலவே சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

செல்வராசு அண்ணன் ஸ்டோரில் ஃபிட்டர் வேலைக்கு வந்து, நாடகத்தைப் புதிதாகப் போடப்போகிறேன் என்று சொன்ன அந்தக் கூட்டம் நினைவிருக்கிறதா? கிளப்பில் ஒரு பக்கம் பெஞ்சியில் பெரியவர்கள். எதிர்ப்பக்கம் சுவரில் சாய்ந்து இளவட்டங்கள். நடுவில் தரையில் பொடிசுகள். அதே பேர், அதே கப்பல், ஆனால் சந்திரபுரியில் ராணி கிடையாது, யாருமே கிடையாது என்றார் அண்ணன். மாடசாமிக் கங்காணி எழுந்துவிட்டார்.

"ஆளே இல்லாத ஊருக்கு எதுக்குலே கப்பல் விடுதே?"

"ஆராய்ச்சிக்கு, பெரியவரே."

"என்னத்த ஆராய?"

"மண்ணு, கல்லு."

"கல்லு பெறக்கவா அம்புட்டுத் தூரம்? நம்ம பத்தாம் நம்பர் காட்டுல கொட்டிக் கெடக்கே! ஒரு வண்டி அனுப்பட்டுமா?"

இளவட்டங்களே சிரித்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல நெசத்தப் படிக்குதுக. மேடையில நாம பொய்யக் காட்டக் கூடாது. அங்க போய் எறங்குறாங்க. ஒண்ணுமே இல்ல. அந்த அமைதியில மைதானமே மூச்சுப் பிடிச்சு நிக்கணும். அதுதான் நாடகம்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த அமைதியை அப்போதே கேட்டுவிட்டதுபோல இருந்தது.

"அப்ப 'தேயிலை' எங்க கத்த?" என்று ஒரு பொடியன் கேட்டான்.

நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "ராணி வேண்டாம். அந்தச் சிம்மாசனத்த மட்டும் ஓரமாப் போட்டு வைப்பா. சும்மா கெடக்கட்டும்."

"ஆள் இல்லாத எடத்துல நாற்காலி எப்படிக்கா இருக்கும்?" என்றார் அண்ணன். மரியாதையாகத்தான் சொன்னார். நீங்களும் "அதுஞ் சரிதான்" என்று சொல்லிவிட்டு, முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

போன வருஷம் மைதானத்தை ஆபீஸில் பொழுது சாயும்வரைதான் விட்டார்கள். பிற்பகலிலேயே நாடகம். "பட்டப் பகல்ல நெலாவாம்" என்று கங்காணி வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். திரை விலகியதும் அவரே வாயடைத்துப் போனார். மேடை முழுவதும் ஸ்டோர் அடுப்புச் சாம்பல். உர மூட்டைச் சாக்கில் தைத்த வெள்ளை உடுப்பு. முதுகில் மருந்தடிக்கிற பம்பு, அதுதான் காற்றுக் குழாய். நிஜமாகவே வேறு உலகம் அது, அத்தை. நான் உங்கள் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்திருந்தேன். ஒத்திகைக்குப் போய்ப் போய் நாடகம் முழுதும் எனக்குப் பாடம்.

தளபதி வேஷத்தில் செல்வராசு அண்ணன் கப்பலிலிருந்து இறங்கினார். சாம்பலில் காலடி பதிந்தது. நின்றார். சுற்றிப் பார்த்தார். அவர் சொன்ன அமைதி வந்தது. சில்வர் ஓக் இலைகள் அசைவதுகூடக் கேட்டது.

அப்போதுதான் நீங்கள் பேசினீர்கள். எழுந்திருக்கவில்லை, கண் மூடியிருந்தது. மாமாவின் அதே இழுப்பு.

"நெடுந்தூரம் கடந்து வந்த பூலோக வாசிகளே! வெறுங்கையோடா வந்தீர்கள்? என்ன கொண்டு வந்தீர்கள்?"

"தேயிலை!"

பெரியவர்கள், பொடிசுகள், அன்று கிளப் சுவரில் சாய்ந்திருந்த இளவட்டங்கள் எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். மலையில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது. அண்ணன் அசையாமல் நின்றார். கையில் கொடியைத் தவிர ஒன்றும் இல்லை. அவர் அடுத்துச் சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். வேண்டாம், வேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருக்கோ வேறு வசனம் கிடையாது. நாடகத்தை எப்படியாவது நடத்தியாக வேண்டும்.

"இங்கே யாரும் இல்லை" என்றார்.

மைதானம் சட்டென்று அடங்கியது. நீங்கள் கண்ணைத் திறந்து மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு எழுந்தீர்கள். நானும் கூடவே வந்தேன். லயத்துக்குப் பாதி வழியில் மூடுபனி இறங்கிவிட்டது. நீங்கள் திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லாத்தான் எடுத்திருக்கான். அந்தச் சாம்பலப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. அங்க யாரும் இல்லதான், என்னட்டி?"

எத்தனையோ சனிக்கிழமைகள் நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. "ஆமா அத்தை" என்றேன்.

வீட்டு வாசலில், "பனியில நிக்காத, உள்ள போ" என்று மட்டும் சொன்னீர்கள்.

அந்த வாரத்திலிருந்து நிரையில் உங்கள் ராணிப் பேச்சு நின்றுவிட்டது. முன்பெல்லாம் கை தளர்ந்து மெதுவாகக் கிள்ளுகிற பெண்களை, "ஏ பூலோக வாசி! கூடையில என்ன கொண்டு வந்தே?" என்று சீண்டுவீர்கள், அவர்கள் "தேயிலை!" என்று கத்திக்கொண்டே வேகமாகக் கிள்ளுவார்கள். அவர்கள் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்கள். "பழசெல்லாம் மறந்து போச்சு, வேலயப் பாருங்க" என்றீர்கள். நான் நிலவைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டேன். எதிர்த்துப் பேச நீங்கள் இல்லாமல் என் புத்தகத்து விஷயங்கள் எனக்கே சப்பென்று இருந்தன. நிலவில் வட்டவடைப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நானே சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை அப்படிச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நீங்கள் திரும்பி வரவேயில்லை.

நேற்றுக் கொடை. புது நாடகம்தான் மறுபடியும், அதேபோலப் பிற்பகலில். இப்போது அதுதான் நம் நாடகம் என்று ஆகிவிட்டது. பொடிசுகள் போன வருஷம் பார்த்ததை அப்படியே எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை மேடையில் தளபதி இறங்குவதும், கீழே கூட்டத்திலிருந்து ராணி கேட்பதும், எல்லாரும் கத்துவதும் சேர்ந்ததுதான் அந்த நாடகம்.

அண்ணன் இறங்கினார். சாம்பலில் நின்றார். ஒத்திகையில் நின்றதைவிட அதிக நேரம் நின்றார். காத்திருக்கிறார் என்று மெல்ல எல்லாருக்கும் புரிந்தது. போன வருஷம் நாம் உட்கார்ந்திருந்த பக்கம் தலைகள் திரும்பின. கங்காணி துண்டால் வாயை மூடிக்கொண்டார். ஒரு பொடிசு மட்டும் "தே" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டது. யாராவது கேட்டால்தானே பதில் சொல்ல முடியும்?

எனக்கு அந்த வசனம் முழுவதும் தெரியும், அத்தை. இழுப்புகூடத் தெரியும். ஆனால் பனியில் உங்களுக்கு "ஆமா" சொன்ன வாய் இது. திறக்கவில்லை.

அண்ணன் உடுப்புக்குள் கைவிட்டு எதையோ எடுத்தார். ஈயத்தாள் வெயிலில் மின்னியது. நீட்டுவதற்கு எதிரில் ஆள் இல்லை. மெதுவாகக் குனிந்து பொட்டலத்தைச் சாம்பல்மேல் வைத்தார். நிமிர்ந்தார்.

"இங்கே யாரும் இல்லை" என்றார்.

அதே வசனம். குரல் பாதியில் உடைந்தது. அன்றைக்கு அவர் ஆசைப்பட்ட அமைதி நேற்றுத்தான் முழுசாக வந்தது. ஆனால் அதைக் கேட்டு அவருக்குச் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, சாம்பல் ஒட்டிய பொட்டலத்தைக் கையில் வைத்தார். "இது ஒங்க அத்தைக்கு உள்ளது. போன வருசமே நான் சட்டைக்குள்ள வச்சிருந்திருக்கணும். ராணி வசனத்த அக்காட்ட முழுசாக் கேட்டு வாங்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். மழை விடட்டும்னு…" என்று சொல்லிவிட்டு, முதுகிலிருந்த பம்பைக் கழற்றத் திரும்பிக்கொண்டார்.

உங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் நம் வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கு நாடகம் என்றாலே ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும், நேற்றும் வரவில்லை. அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தவள், புகையில் கண்ணைச் சுருக்கி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இம்புட்டு நேரமா? கையில என்னட்டி கொண்டு வந்தே?"

மைதானம் முழுக்கக் கத்தும்போது எவ்வளவு எளிதாக வந்த சொல் அது! வாசற்படியிலேயே நின்றேன். ஈயத்தாள் கைக்குள் கசங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா இன்னொரு தடவை கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை, அத்தை.