வேலி தாண்டிய சிவப்புக் கொடி

பெனால்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சுமிந்திராவுக்கு அம்மா எழுதுவது. அனுமார் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் டொரொண்டோக் குளிரில் சுகமாயிருக்க விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

போன தடவை பிள்ளை தங்காமல் போனதிலிருந்து எனக்குள் ஒரு நடுக்கம், அதனால்தான் பண்டிதரை அழைத்துப் பூஜை செய்து உன் பெயரில் முற்றத்தில் அனுமாருக்குச் சிவப்புக் கொடி நட்டேன், நோட்டிலும் தேதியும் இடமும் போட்டு எழுதிவைத்தேன். உன் பிரசவம் வரை அது நிற்கவேண்டும் என்பது நேர்த்தி. வியாழக்கிழமை அடித்த காற்று அதை மூங்கிலோடு பிடுங்கிவிட்டது. காலையில் பார்த்தால் பாப்டிஸ்ட் சபைக்குத் தாயாக இருக்கும் நம் பக்கத்து வீட்டு யூடோரா மதர் தன்னுடைய சபைக் கொடிகளுக்கு நடுவே அதை நட்டு, வெள்ளைத் தலைக்கட்டோடு மணியடித்துப் பாடிக்கொண்டிருக்கிறார். மூன்று நாள் விரதமிருந்ததில் சிவப்புக் கொடி ஒன்று வருமென்று கனவு கண்டாராம், விடிந்ததும் அது வாசலில் கிடந்ததாம். கனவில் வந்ததை எப்படித் திருப்பிக் கேட்பது, நட்டதைப் பிடுங்குவதும் நம் வழக்கமில்லையே. எனக்கு ரொட்டி இறங்கவில்லை. அப்பாவோ, கடலையே தாண்டினவரு ஒரு வேலியத் தாண்டினதுக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க என்று கேலி செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசணிக்காய்க் கறி எடுத்துக்கொண்டு போய் உன் விஷயம் எல்லாவற்றையும் யூடோரா மதரிடம் சொல்லி அழுதுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அடி தன்மதி, கனவுல கொடியத்தான் காட்டுனாங்க, யாருக்குன்னு சொல்லல, இப்பத் தெரிஞ்சிடுச்சு, வேணும்னா எடுத்துட்டுப் போ, ஆனா உன் பொண்ணுக்கு மணியடிக்கறத மட்டும் நான் நிறுத்த மாட்டேன் என்றார். நான் மூங்கிலைத் தொட்டுப் பார்த்தேன், நன்றாக ஊன்றியிருந்தது, அங்கேயே விட்டுவிட்டேன். இப்போது தினமும் காலையில் நான் விளக்கும் தண்ணீரும் கொண்டுபோகிறேன், அவர் மணியடிக்கிறார், அவர் உன் பேரைச் சொல்லிக் கத்துகிற கத்தல் உனக்கே கேட்டிருக்கும். நான் சுற்றிப் போகவேண்டாமென்று அப்பா வேலியில் ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டார். நோட்டில் நம் முற்றம் என்றிருந்ததை அடித்துவிட்டு யூடோரா முற்றம் என்று எழுதினேன்.

கனமாக எதையும் தூக்காதே, பாலைக் குடிக்காமல் வைக்காதே. நீயும் பிள்ளையும் நூறாண்டு வாழ ஆசீர்வதிக்கிறேன். வலி எடுத்ததும் மாப்பிள்ளையை முதலில் யூடோரா மதர் வீட்டுக்குப் போன் பண்ணச் சொல், நான் அங்கேதான் நிற்பேன்.

உன் அம்மா,
தன்மதி பாஸ்தியோ